தினமும் 4 நிமிடம் முந்தி வரும் மேடு

கேள்வி, மார்ச் 3

என் ஜி.பி.எஸ். மாட்யூல் விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கிறது. பிழை 20, 30 நானோ விநாடிதான் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. மேலே சுற்றுகிற ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக்கடிகாரம் இருக்கும்போது, கீழே நீங்கள் எல்லாம் ஓவன் கிரிஸ்டல் (சூட்டுப் பெட்டியில் வைத்த குவார்ட்ஸ் கல்), ருபிடியம் (மேசைமேல் வைக்கும் அணுக்கடிகாரம்), அதை அளக்க ஒரு கவுண்டர் என்று அடுக்கி வைத்திருப்பது எதற்கு? அந்தத் துடிப்பே போதாதா? சும்மா பொம்மை ஆசையா சார்?

மார்ச் 3, இரவு 10:40

பொம்மை ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது.

உங்கள் துடிப்பு ஒவ்வொரு முறையும் 20 நானோ விநாடி முன்னே பின்னே ஆடுகிறது. ஒரு விநாடிக்குள் அந்த ஆட்டம் என்றால் 10 கோடியில் 2 பங்கு பிழை. அதை வைத்து ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் அலையை ஒரு விநாடி எண்ணிப் பாருங்கள், 0.2 ஹெர்ட்ஸ் தவறும். சுமாரான ஓவன் கிரிஸ்டல்கூட அதே ஒரு விநாடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் அசையாது. குறுகிய நேரத்தில் உங்கள் ஜி.பி.எஸ். துடிப்பைவிட மேசைமேல் இருக்கும் கல் இரண்டாயிரம் மடங்கு சாது.

ஒரு நாள் முழுக்க அளந்தால் கதை தலைகீழ். ஜி.பி.எஸ். ஆட்டம் நாள் முடிவிலும் அதே 20 நானோ விநாடிதான், சேர்ந்துகொண்டே போகாது. 86,400 விநாடியில் 20 நானோ விநாடி என்றால் பத்து லட்சம் கோடியில் 2 பங்கு சொச்சம். கிரிஸ்டல் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். ஒருவன் தள்ளாடித் தள்ளாடி நடந்தாலும் சரியான ஊருக்குப் போய்ச் சேர்கிறான். இன்னொருவன் கோடு போட்ட மாதிரி நேராக நடந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறான். இரண்டு பேர் கையையும் சேர்த்துக் கட்டினால் அதுதான் ஜி.பி.எஸ்.டி.ஓ., ஜி.பி.எஸ். இழுத்துப் பிடிக்கும் கிரிஸ்டல்.

மார்ச் 4, காலை

இன்னொன்று. கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் நான் சொல்லும் கிரிஸ்டலும் ஒரே குவார்ட்ஸ்தான், ஆனால் வளர்ப்பு வேறு. முதலாவது பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே நாளைக்கு 1.7 விநாடி ஓடிவிடும். இரண்டாவதை எஸ்.சி. வெட்டு என்று சொல்லும் கோணத்தில் வெட்டி, 80 டிகிரிக்கு மேல் சூடான ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில்தான் அதன் வெப்ப வளைவு தட்டையாக இருக்கும், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதிர்வு அசையாது.

சாது என்றேன் இல்லையா, அதற்கும் கோபம் வரும். ஒருநாள் மேசையைத் துடைக்கப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு குதித்தது. உடைத்துவிட்டேன் என்று பதறி, நிமிர்த்தி வைத்தேன், திரும்பி வந்தது. புவியீர்ப்பு கல்லை எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பது வரைக்கும் அதற்குத் தெரியும்.

மார்ச் 4, இரவு

"20 நானோ விநாடி ஆட்டம் எங்கிருந்து வருகிறது, செயற்கைக்கோளில் இருந்தா?" இல்லை. பெரும்பங்கு உங்கள் ரிசீவரே செய்வது.

48 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற ரிசீவர் 20.8 நானோ விநாடிக்கு ஒருமுறைதான் துடிப்பை வெளியே விட முடியும். நிறுத்தத்தில் மட்டும் நிற்கிற பேருந்து மாதிரி: உங்கள் வீடு இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் இருந்தால் முன்னாலோ பின்னாலோதான் இறக்கிவிடும். இந்தப் பிழையை வரைந்தால் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழும். டைமிங் ரக ரிசீவர்கள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன: துடிப்பு இத்தனை பிக்கோ விநாடி தவறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். கணினியில் கழித்துக்கொள்ளலாம்.

"நூறு துடிப்பைச் சராசரி எடுத்தால் தானே போய்விடுமே" என்பவர்கள் தொங்குபாலம் என்கிற தொல்லையைப் பார்த்ததில்லை. ரிசீவரின் உள் கிரிஸ்டலின் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ முழு எண்ணிக்கையாக வந்து நிற்கும் சமயத்தில் ரம்பப் பல் அசையாமல் ஒரே பக்கம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தொங்கும். அப்போது நூறு துடிப்பும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். சராசரியும் அதே பொய்தான்.

என் கோமாளித்தனம் ஒன்று. ரிசீவர் சொல்வது அடுத்த துடிப்புக்கான திருத்தம். நான் அதை முடிந்துபோன துடிப்பில் கழித்துக்கொண்டிருந்தேன். பல் மெல்ல ஏறும்போது பக்கத்துப் பக்கத்து எண்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் வரைபடம் அழகாகவே இருந்தது. பல் விழும் இடத்தில் மட்டும் 20 நானோ விநாடிக்கு ஒரு முள் குத்தி நிற்கும். மின்வழங்கிதான் காரணம் என்று முடிவுகட்டி அதில் இருந்த கெபாசிட்டர் அத்தனையையும் மாற்றினேன். மூன்று வாரம். பிறகு நிரலில் ஒரு வரியை மாற்றினேன்.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் இப்போது ஓவன் கிரிஸ்டல் ஒன்றை ஜி.பி.எஸ். துடிப்போடு கட்டி இழுக்கப் போகிறாராம். அதற்குள்ளேயா!

இழுக்கும் வேகம் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் முதலில் 60 விநாடி வாக்கில் கல்லைத் திருத்தும்படி வைத்தேன். கல் வேகமாகக் கட்டுக்குள் வந்தது, பார்க்க சந்தோஷமாக இருந்தது. ஆனால் தள்ளாடுகிறவன் கையைக் குட்டையாகக் கட்டினால் நேராக நடக்கிறவனும் சேர்ந்து தள்ளாடுவான். காசு கொடுத்து வாங்கிய சாதுத்தனம் முழுக்கப் பாழ். இப்போது 800 விநாடியில் வைத்திருக்கிறேன். கல்லின் தரமும் அறையின் வெப்பமும் எப்படியோ, அதைப் பொறுத்து நூற்றுக்கணக்கில் இருந்து சில ஆயிரம் வரை போகலாம்.

கயிறு நீளமானால் கயிற்றின் தரம் முக்கியம். கல்லை இழுப்பது ஒரு மின்னழுத்தம். 0 முதல் 5 வோல்ட்டுக்குள் மொத்தம் ஒரு கோடியில் 4 பங்கு இழுக்கலாம் என்றால், 16 பிட் டி.ஏ.சி.யின் (எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லு) ஒரு படி லட்சம் கோடியில் 6 பங்கு. அது பரவாயில்லை. ஆனால் அந்த 5 வோல்ட் தரும் சில்லு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு நகர்கிற ரகமாக இருந்தால், அறை ஒரு டிகிரி மாறினாலே கல் லட்சம் கோடியில் 4 பங்கு வரை நகரும். கல்லுக்கு ஓவன் வைத்துவிட்டு, அதன் காதைத் திருகும் கையை வெளியே குளிரில் விட்டுவிடுகிறோம்.

மார்ச் 7, இரவு

நானும் ஒரு புலம்பலை இங்கேயே போட்டுவிடுகிறேன்.

டைமிங் ரிசீவரின் துடிப்பை (ரம்பப் பல் கழித்து, இப்போது சரியான துடிப்பில்) தன்பாட்டில் ஓடும் ஒரு ருபிடியத்தோடு ஒப்பிட்டு நாள்கணக்கில் பதிவு செய்கிறேன். ருபிடியத்தின் சரிவைக் கழித்தபின் கோடு தட்டையாக வரவேண்டும். வருகிறது, தினமும் சாயங்காலம் தவிர. இன்று 7:10-க்கு உச்சம், 18 நானோ விநாடி உயரம், 40 நிமிடம் அகலம். ஏறி, இறங்கி, பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

வேலை முடிந்து வந்து 7 மணி வாக்கில்தான் அந்த அறையில் ஏசி போடுவேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 8

மேட்டுக்கு நடுவில் கேபிள் கேள்வி. 50 ஓம் ஆண்டெனாவுக்கு 75 ஓம் டி.வி. கேபிள் போட்டால் சமிக்ஞை செத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாகாது. பொருந்தாமல் திரும்பிப் போவது 4 சதவீத சக்திதான், 0.2 டெசிபல்கூடக் குறையாது. ஆண்டெனாவுக்குள்ளேயே பெருக்கி இருக்கும்போது இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. தரைக்கு வந்து சேரும்போது ஜி.பி.எஸ். சமிக்ஞை மைனஸ் 130 டி.பி.எம். அளவில் இருக்கிறது, ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பிடிப்பதே அதிசயம், இதில் 0.2 டெசிபலுக்கு அழ வேண்டாம்.

கேபிளின் தாமதத்தைக் கழிக்க மறக்காதீர்கள். மீட்டருக்கு 5 நானோ விநாடி. என்னுடையது 20 மீட்டர், அதனால் 100 என்று போட்டிருக்கிறேன்.

மார்ச் 9

நேற்று எழுதியதில் பாதி தப்பு. மீட்டருக்கு 5 என்பது உள்ளே திட பாலிஎத்திலீன் இருக்கும் கேபிளுக்கு. அதில் அலை ஒளியின் வேகத்தில் 66 சதவீதம்தான் ஓடும். டி.வி. கேபிளில் நுரை. 83, 85 சதவீதம் வரை ஓடும், மீட்டருக்கு 4 நானோ விநாடிதான். ஆக என் 20 மீட்டருக்கு 80. இத்தனை வருடமாக என் கடிகாரம் 20 நானோ விநாடி தப்பாக இருந்திருக்கிறது, நானும் அதற்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

10 மெகாஹெர்ட்ஸ் மட்டும் வேண்டுமென்றால் இந்த எண் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். தாமதம் மாறாமல் இருக்கும் வரை அதிர்வெண்ணில் கை வைக்காது.

மார்ச் 12

இரண்டு நாள் ஏசியே போடவில்லை. வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்து பார்த்தேன்.

மேடு வந்தது.

மார்ச் 12, இன்னும் சற்று நேரம் கழித்து

அறை விளக்கு? இரண்டு நாள் இருட்டிலும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். அக்கம்பக்கத்தில் யாராவது அந்த நேரத்தில் ஏதாவது போடுகிறார்களா? சாயங்காலம் காக்கை வந்து ஆண்டெனாமேல் உட்காருகிறதா? சிரிக்காதீர்கள், டைமிங் ஆண்டெனாக்கள் கூம்பாக இருப்பதே பறவை உட்காராமலும் பனி தங்காமலும் இருக்கத்தான். என்னுடையது தட்டையான சின்ன வில்லை. காக்கைக்கு நாற்காலி.

மார்ச் 13

காக்கை இல்லை. போய்ப் பார்த்தேன்.

மார்ச் 22

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் காக்கை நான்.

இன்று 15 நாள் வரைபடத்தையும் ஒரே அகலத்தில் அச்செடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் ஒட்டினேன். மேடுகள் ஒரு நேர்க்கோட்டில் நிற்கவில்லை. மாடிப்படி மாதிரி இடப்பக்கம் சாய்ந்து இறங்குகின்றன. மார்ச் 7-ல் 7:10. இன்று 6:10. ஒரு மணி நேரம் முந்திவிட்டது. 15 நாளில் 60 நிமிடம், நாளைக்கு 4 நிமிடம்.

நாளைக்கு 4 நிமிடம் முந்துகிற ஒன்றை எல்லோருக்கும் தெரியும்: நட்சத்திரம். கார்த்திகைக் கூட்டம் இன்று உதித்ததைவிட நாளை 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். பூமி நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அதில் சரிபாதி நேரத்தில் பூமியை ஒரு சுற்று வருகின்றன. ஆகவே இரண்டு சுற்று முடிந்ததும் உங்கள் தலைக்குமேல் அதே கோள்கள் அதே இடத்தில், ஆனால் 4 நிமிடம் முன்னதாக.

ஏசி என் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறது. இந்த மேடு நட்சத்திரத்தைப் பார்க்கிறது. அறைக்குள் இருக்கும் எதுவும் காரணமாக இருக்க முடியாது. ஏதோ ஒரு கோள் ஒரு குறிப்பிட்ட திசையில் வரும்போது அதன் அலை எதன்மேலோ பட்டுத் தெறித்துத் தாமதமாக ஆண்டெனாவுக்கு வருகிறது.

மார்ச் 22, இரவு

மாடிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆண்டெனாவில் இருந்து மூன்று மீட்டரில் தகரக் கூரை. நானே போட்டது.

மார்ச் 23

ஒருவர் விவரம் கேட்டதால்: தெறித்து வரும் அலை எனக்கு 5, 6 மீட்டர் அதிகம் நடந்து வருகிறது. ரிசீவர் நேரத்தை அளக்கப் பயன்படுத்தும் பிட் வரிசையான ஜி.பி.எஸ்.ஸின் பொதுக் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் 293 மீட்டர். அந்த அளவுக்கு முன் 6 மீட்டர் எம்மாத்திரம், நேர் அலையையும் தெறிப்பையும் ரிசீவரால் பிரிக்க முடியாது. இரண்டையும் குழைத்து நடுவில் ஒரு நேரத்தைச் சொல்லும். அலை வலப்பக்கமாகச் சுழன்று வருகிறது, உலோகத்தில் பட்டால் இடப்பக்கமாகத் திரும்பிவிடும். நல்ல ஆண்டெனா இடச்சுழலை விரட்டிவிடும். என் வில்லை தலைக்கு நேர் மேலே ஓரளவு விரட்டும், பக்கவாட்டில் வந்தால் விருந்தாளியாக வரவேற்கும்.

"என் பதிவில் இப்படி மேடே இல்லையே" என்று கேட்டவருக்கு: நீங்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுகிறீர்கள். குளோனாஸ் கோலம் 8 விண்மீன் நாளுக்கு (அந்த 23 மணி 56 நிமிட நாள்) ஒருமுறைதான் திரும்ப வரும், கலிலியோவுக்கு 10. உங்களுக்கும் மேடு இருக்கும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் வராமல் கலந்து சிதறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழை குறைந்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

மார்ச் 24

வெட்கமான ஒரு திருத்தம். அனுபவஸ்தர் ஒருவர் தனியாக எழுதி மண்டையில் குட்டினார். 15 நாள் காத்திருக்கவே வேண்டாம், முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். சரிதான்.

ஏசியால் ருபிடியத்தின் வெப்பம் மாறினால் மாறுவது அதன் வேகம். வேகம் மாறினால் நேரப் பிழை சேர்ந்துகொண்டே போகும். வெப்பம் பழைய நிலைக்கு வந்தாலும் சேர்ந்த பிழை அங்கேயே நிற்கும். கோடு ஒரு படி ஏறி அந்த உயரத்திலேயே தொடரும். என் மேடு ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்தது. நடையின் வேகம் கூடியதால் முன்னே போனவன் வேகம் குறைந்தவுடன் பின்னால் வந்து நிற்பானா? நான் மார்ச் 7-ல் என் கையாலேயே "பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு ஏசியைப் பிடித்தேன்.

மார்ச் 29

ஆண்டெனாவைக் கூரையைவிட உயரமாக ஒரு கம்பத்தில் ஏற்றி, அடியில் ஒரு உலோகத் தட்டு வைத்து, 20 டிகிரிக்குக் கீழே வரும் கோள்களைப் பார்க்காதே என்று ரிசீவரிடம் சொல்லியாயிற்று. நேரத்துக்கு மட்டும் என்றால் அடிவானத்துக் கோள்கள் தேவையே இல்லை. இடம் உறுதியாகத் தெரிந்தபின் ஒரே ஒரு கோள்கூடப் போதும்.

அந்த "உறுதியாக" என்பதில்தான் அடுத்த முட்டாள்தனம். ஆண்டெனாவை நகர்த்தினேன், ரிசீவரில் பழைய இடத்தை மாற்ற மறந்தேன். இரண்டரை மீட்டர் உயர வித்தியாசம். மீட்டருக்கு 3 நானோ விநாடிக்கு மேல் வரும். கோள்கள் மாற மாறக் கோடு குடிகாரன் மாதிரி அலைந்தது. மறுபடி 24 மணி நேரம் இடத்தை அளக்கவிட்டபின் அடங்கியது.

சாயங்கால மேடு போயே போய்விட்டது. அது அடங்கியதும்தான் தெரிகிறது, பின்னால் இன்னொன்று இருந்திருக்கிறது: மதியம் 2 மணிக்கு அகலமான, தாழ்வான ஒரு முதுகு. 12 நானோ விநாடி.

ஏப்ரல் 1

இன்றைக்குப் பொருத்தமாக: அலமாரியில் கிடந்த பழைய ரிசீவர் ஒன்றை எழுப்பினேன். ஏறக்குறைய 19 வருடம் 7 மாதம் பின்னால் ஒரு தேதி காட்டுகிறது. பழுதில்லை. ஜி.பி.எஸ். வாரத்தை 10 பிட்டில்தான் எண்ணுகிறது, 1,024 வாரம் ஆனதும் பூஜ்யத்துக்குப் போகும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் ஒருமுறை போயிற்று, அடுத்தது 2038 நவம்பர். பழைய நிரல் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தெரியாமல் இளமைக்குப் போய்விடுகிறது. துடிப்பு மட்டும் பிசகாமல் சரியான விநாடியில் வருகிறது. எந்த வருடம் என்று தெரியாது, எந்த நானோ விநாடி என்று தெரியும். எனக்கும் சில நாள் அப்படித்தான்.

லீப் விநாடி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது சேர்க்கும் அந்தக் கூடுதல் விநாடியை ஜி.பி.எஸ். நேரம் கண்டுகொள்வதே இல்லை. உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட இப்போது 18 விநாடி முன்னால் ஓடுகிறது. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31. 2035-க்குள் இந்தச் சடங்கை நிறுத்திவிடுவதாக 2022-ல் முடிவாகிவிட்டது.

அதிர்வெண்தான் வேண்டும் என்றால் துடிப்பை யு.டி.சி.யோடு பொருத்தாமல் ஜி.பி.எஸ். நேரத்தோடு பொருத்தி வையுங்கள். 2016 ஜனவரி 26-ல் ஒரு பழைய செயற்கைக்கோளை ஓய்வுக்கு அனுப்பியபோது யு.டி.சி. திருத்த எண் தப்பாக ஒலிபரப்பானது. யு.டி.சி.யை நம்பிய ரிசீவர்கள் 13 மைக்ரோ விநாடி குதித்தன. வழிகாட்டும் கருவிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஏனென்றால் இடம் கண்டுபிடிக்க யு.டி.சி. வேண்டாம். எங்களைப் போன்ற பைத்தியங்கள் மட்டும் அலறினோம்.

ஏப்ரல் 6

2 மணி முதுகு. ஒரு வாரமாகப் பார்க்கிறேன், நகரவே இல்லை. நட்சத்திரம் இல்லை, இது சூரியன். அப்படியானால் அறை வெப்பமா, ஆகாயமா?

ருபிடியத்தைத் தெர்மாகோல் பெட்டியில் மூடினால் வெப்பம் தாமதமாக உள்ளே வரும், முதுகும் தாமதமாக வரும் என்று கணக்குப் போட்டு மூடினேன். ருபிடியம் தானே அடுப்பு மாதிரி எரிகிற சாமான் என்பது நினைவில்லை. ஒரு மணி நேரத்தில் அடித்தட்டைத் தொட முடியவில்லை, அதற்குப் பிறகு அணு அதிர்வோடு இருந்த பூட்டு விட்டுப்போனதற்கான சிவப்பு விளக்கு. யாரும் செய்யாதீர்கள்.

இரண்டாவது முயற்சி: கனமான அலுமினியக் கட்டையில் திருகி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். மேலே திறந்தே இருக்கிறது. பார்ப்பவர்கள் என்ன பூஜை என்று கேட்கிறார்கள்.

ஏப்ரல் 13

பாட்டில் பூஜை பலித்தது. இரவு பகலாக அலைந்துகொண்டிருந்த மெதுவான அலை பாதியாகக் குறைந்துவிட்டது, அது வெப்பம்தான். 2 மணி முதுகு மட்டும் ஒரு நிமிடம்கூடத் தள்ளவில்லை, ஒரு நானோ விநாடிகூடக் குறையவில்லை. மார்ச் 24-ல் வாங்கிய குட்டு இங்கேயும் பொருந்துகிறது: வெப்பம் மதியம் உச்சம் என்றால் அதனால் சேரும் நேரப் பிழையின் உச்சம் இரவில்தான் வரவேண்டும்.

ஆக வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம். வெயில் ஏற ஏற மேலே எலக்ட்ரான்கள் கூடும், அவை அலையைத் தாமதப்படுத்தும். ரிசீவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, கோள்கள் அனுப்பும் 8 எண்களை வைத்துப் போடுவது. அந்தக் கணக்கின் எளிமை எனக்குப் பிடிக்கும்: இரவு முழுக்க 5 நானோ விநாடி என்று வைத்துக்கொள், பகலில் ஒரு அரைக் கோசைன் அலை, உச்சம் உள்ளூர் நேரம் மதியம் 2 மணி. இவ்வளவுதான். இது பிழையில் ஏறக்குறைய பாதியைத்தான் கழிக்கும். மீதிப் பாதி என் சுவரில் முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு மருந்து இரண்டு அலைவரிசை ரிசீவர். எல்1 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்5 1176.45. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிராகப் போவதால் எல்5-க்கு 1.79 மடங்கு அதிகம் தாமதமாகும். இரண்டும் எவ்வளவு விலகி வருகின்றன என்று பார்த்தால் ஆகாயம் எவ்வளவு தடுத்தது என்று தெரிந்துவிடும். வாங்கலாமா என்று யோசிக்கிறேன். முதுகோடு பழகிவிட்டது.

ஏப்ரல் 14

மின்சாரம் போய் ஓவன் கிரிஸ்டல் நான்கு மணி நேரம் ஆறிவிட்டது. திரும்ப சூடாகி ஐந்து நிமிடத்தில் "தயார்" என்கிறது. நம்பாதீர்கள். பழைய வழிக்கு வர என்னுடையது மூன்று நாள் எடுக்கும். ஊருக்குப் போய் வந்த பூனை மாதிரி வீடு முழுக்க மோந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கும்.

ஏப்ரல் 20

முதல் கேள்வி கேட்டவர் இப்போதுதான் சொல்கிறார், தன் கணினியின் நேரத்தைச் சரியாக வைப்பதற்காகத்தான் கேட்டாராம். ஐயா, இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

அப்படியானால் நீங்கள் சொன்னதுதான் சரி, நான் மார்ச் 3-ல் எழுதியது உங்களுக்கு வேண்டாத பதில். துடிப்பைக் கணினி கவனிப்பதற்கே சில மைக்ரோ விநாடி முன்பின்னாகும். யு.எஸ்.பி. வழியாகப் போனால் இன்னும் மோசம், பழைய வேகத்தில் அது மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். அங்கே 20 நானோ விநாடி ரம்பப் பல்லைப் பற்றி யோசிப்பது, மணல் லாரியை நகை எடை போடும் தராசில் ஏற்றுகிற கதை. மாட்யூலின் துடிப்பைச் சீரியல் போர்ட்டில் நேராகக் கொடுங்கள், ஆண்டெனாவை ஜன்னலில் வையுங்கள், முடிந்தது. ஓவன் கிரிஸ்டல் வாங்கிவிட்டீர்களா? வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாயிற்று.

என் பக்கம் செய்தி: கம்பத்துக்கு ஏற்றிய பிறகு இன்று காலை 5:52-க்குச் சின்னதாக ஒன்று எழுந்து இறங்கியது. 5 நானோ விநாடிதான் இருக்கும். அறையில் யாரும் இல்லை, எதையும் போடவில்லை. அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஏப்ரல் 21

5:48.